முதலில் கட்டு, பிறகு வாங்கிக்கொள்: உயர்கல்வித் துறைக்கும் துணைவேந்தர்களுக்கும் ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் உயர்கல்வித் துறைக்கும், சென்னையில் உள்ள மாநிலப் பல்கலைக்கழகங்களின் துணைவேந்தர்களுக்கும், அந்த நாற்காலி காலியாக இருக்கும் இடங்களில் பொறுப்பேற்று நடத்தும் குழுவினருக்கும்,

வணக்கம்.

நான் வியாசர்பாடியில் பிறந்து வளர்ந்தவள். அப்பா இஸ்திரி வண்டி வைத்திருந்தார். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரியும் நான்தான், முதல் முனைவரும் நான்தான். இப்போது ஓர் அரசு கலைக் கல்லூரியில் பொருளியல் நடத்தும் கௌரவ விரிவுரையாளர். மாதம் 25,000 ரூபாய் தொகுப்பூதியம், அதுவும் ஆண்டில் 11 மாதங்களுக்கு. இந்த மடல் என் சம்பளத்தைப் பற்றியதல்ல. மூன்றாம் ஆண்டு முடிக்கப்போகும் பிள்ளைகள் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது கூட உட்கார்ந்து உதவுவது என் வழக்கம். அங்கே கண்ணால் கண்டதையும், அதற்கு முன் நானே பட்டதையும் வைத்து எழுதுகிறேன்.

மேற்படிப்புச் செலவு என்றதும் எல்லோரும் கல்விக் கட்டணத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அரசுக் கல்லூரியிலும் மாநிலப் பல்கலைக்கழகத்திலும் அந்தக் கட்டணம் ஏழைப் பிள்ளையைத் துரத்தும் அளவுக்கு இல்லை என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். எங்களைத் துரத்துவது வேறு. எங்களிடம் பணம் இல்லாத நாளில் கட்டச் சொல்கிறீர்கள். எங்களுக்குத் தரவேண்டியதை, தேவை முடிந்து மாதங்கள் ஆன பிறகு தருகிறீர்கள். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் அந்த மாதங்களை வசதியுள்ள வீடு சேமிப்பை வைத்துத் தாண்டிவிடும். எங்கள் வீடு வட்டிக்கு வாங்கித்தான் தாண்ட வேண்டும்.

2025 பிப்ரவரி முதல் வாரம். முதுநிலைப் படிப்புக்கான க்யூட் பொது நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பம் முடியும் நேரம். எருக்கஞ்சேரி நெடுஞ்சாலையில் ஒரு பிரௌசிங் சென்டர். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மிஷின், வெளியே பிளாஸ்டிக் ஸ்டூலில் வரிசையாகப் பிள்ளைகள். என்னோடு வந்திருந்தவள் வேதியியல் மூன்றாம் ஆண்டு. என் துறை இல்லை; தோழி சொல்லித் தேடி வந்தாள். அப்பா கொருக்குப்பேட்டையில் சுமை தூக்குகிறார். புகைப்படத்தை அவர்கள் கேட்ட கேபிக்குள் சுருக்கியாயிற்று, கையெழுத்தை வெள்ளைத் தாளில் போட்டு ஸ்கேன் செய்தாயிற்று, ஓடிபி வந்தாயிற்று. பணம் கட்டும் இடத்தில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு 'தோல்வி' என்று வந்தது. கணக்கிலிருந்து 1,200 ரூபாய் போய்விட்டது.

"மேம், போச்சா?" என்று கேட்டாள். போகவில்லை, சில நாளில் கணக்குக்குத் திரும்ப வந்துவிடும் என்றேன். "நாளைக்குள்ள கட்டணுமே மேம்" என்றாள். அவளிடம் இருந்ததே அந்த 1,200தான். மறுபடி கட்ட இன்னொரு 1,200 வேண்டும். அன்று ராத்திரி அவள் அம்மா மகளிர் குழுவில் கேட்டு வாங்கினார். மறுநாள் மதியம் கட்டினோம். முதல் பணம் ஒன்பதாம் நாள் திரும்பி வந்தது. அதற்குள் குழுத் தவணை ஒன்று கட்டியாகிவிட்டது.

அதற்கு முந்தைய அக்டோபரில் ஐஐடி, ஐஐஎஸ்சி முதுநிலை அறிவியல் படிப்புகளுக்கான ஜாம் தேர்வுக்கு அவள் 900 ரூபாய் கட்டியிருந்தாள். பெண் என்பதால் அந்தச் சலுகை, இல்லாவிட்டால் 1,800. க்யூட்டில் பொதுப்பிரிவுக்கு இரண்டு தாள் வரை 1,400, பிற்படுத்தப்பட்டவருக்கு 1,200. அந்த 200 ரூபாய்ச் சலுகைக்கு நம் மாநிலம் தந்த சாதிச் சான்று போதாது. மத்திய அரசின் படிவத்தில், வருமானத்தையும் பார்த்துத் தரும் ஓபிசி சான்று தனியாக வேண்டும். இ-சேவை மையத்தில் 60 ரூபாய், கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று மூன்று மேசை, அம்மாவுக்கு இரண்டு நாள் வேலை போச்சு. சென்டர்காரருக்கு ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் 100 ரூபாய். நுழைவுத் தேர்வு முடிந்தால் கணக்கு முடிந்துவிடும் என்று நினைத்தோம். மதிப்பெண் வந்த பிறகு ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் இணையதளத்தில் தனியாகப் பதியச் சொல்லித் தனியாகப் பணம் கேட்டது.

அவளுக்கு வெளிமாநிலத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. உறுதிசெய்ய நான்கு நாள் அவகாசம். முதல் பருவக் கட்டணம், விடுதி முன்பணம், ரயில் டிக்கெட் எல்லாம் அந்த நான்கு நாளுக்குள். நான் என்னால் முடிந்ததைக் கொடுத்தேன். போதவில்லை. கல்விக் கடன் இருக்கிறதே என்று ஒரு பெரியவர் சொன்னார். 4 லட்சம் வரை பிணை தேவையில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் வங்கி முதலில் கேட்பது சேர்க்கைக் கடிதம், சேர்க்கைக் கடிதத்துக்கு முதலில் கேட்பது பணம். நான்காம் நாள் நள்ளிரவோடு அந்த இடம் போனது. இப்போது புரசைவாக்கத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பில் போடுகிறாள்.

இதெல்லாம் மத்திய அமைப்புகள் நடத்தும் தேர்வுகள், எங்கள் கையில் இல்லை என்று நீங்கள் சொல்லலாம். உங்கள் கையில் இருப்பதைத்தான் கேட்க வந்திருக்கிறேன்.

அரசு கலைக் கல்லூரிகளின் முதுநிலைச் சேர்க்கைக்கு நீங்களே இணையவழியில் விண்ணப்பம் வாங்குகிறீர்கள். 2023இல் அதற்குக் கட்டணம் 58, பதிவுக்கு 2, மொத்தம் 60 ரூபாய். பட்டியலின, பழங்குடி மாணவருக்கு 2 ரூபாய் மட்டும். அதைப் பார்த்தபோது என் மனம் நிறைந்தது. அறுபது ரூபாயில் ஒரு விண்ணப்பத்தை வாங்கிச் சரிபார்த்துத் தரவரிசை போட முடியும் என்று அரசே செய்து காட்டியிருக்கிறது. அப்படியானால் அதே அரசின் கீழுள்ள பல்கலைக்கழகங்களில் ஏன் பாடத்துக்குப் பாடம் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம், சில இடங்களில் நூறுகளில்? பிஎச்.டி. விண்ணப்பம் என்றால் ஏன் இன்னும் கூடுதல்? இடம் கிடைக்காத பிள்ளைகளின் பணத்தில் ஒரு சேர்க்கைப் பிரிவு நடக்கக் கூடாது.

இன்னொன்று. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வரும் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் 2022 செப்டம்பர் 5 முதல் கிடைக்கிறது. ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்ட் 9இல் தொடங்கியது. இந்த இரண்டு திட்டங்களும் என் வகுப்பறையில் என்ன மாற்றத்தைக் கொண்டுவந்தன என்பதற்கு நான் சாட்சி. பேருந்துச் செலவுக்கு அஞ்சி வாரத்தில் மூன்று நாள் மட்டும் வந்த பிள்ளைகள் ஐந்து நாளும் வருகிறார்கள். ஆனால் இளநிலை முடிந்த மாதத்தோடு அது நின்றுவிடுகிறது. மேற்படிப்புக்குப் பணம் கட்டவேண்டிய மாதங்கள் அப்போதுதான் தொடங்குகின்றன. அந்த வேதியியல் பிள்ளைக்கும் புதுமைப் பெண் தொகை வந்துகொண்டிருந்தது. இரண்டு நுழைவுத் தேர்வுக்கு அவள் கட்டியது 2,100 ரூபாய். இரண்டு மாதத் தொகையும் அதற்கு மேல் நூறும்.

இந்தப் பிள்ளைகள் யார், எந்தப் பள்ளி, எந்த வங்கிக் கணக்கு, எத்தனை மாதம் தொடர்ந்து கல்லூரிக்கு வந்தார்கள் என்ற பட்டியல் அரசிடம் ஏற்கெனவே இருக்கிறது. புதிதாக வருமானச் சான்று கேட்க வேண்டாம், புதிதாக வரிசையில் நிற்க வைக்க வேண்டாம். அந்தப் பட்டியலில் உள்ள எவரும் மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு முதுநிலைக்கோ ஆய்வுக்கோ விண்ணப்பித்தால் கட்டணம் இல்லை என்று ஓர் அரசாணை போடுங்கள். வெளியே எழுதும் தேர்வுகளுக்குக் கட்டிய பணத்தை, ரசீது எண்ணைப் பதிந்தால் பத்து நாளில் அதே கணக்கில் போடுங்கள். மாதம் 1,000 ரூபாயை முதுநிலை இரண்டு ஆண்டுக்கும் நீட்டுங்கள். முதுநிலைக்கு வருபவர்கள் இளநிலைக்கு வருபவர்களைவிட மிகக் குறைவு என்பதால் அரசுக்குப் பெரிய பாரமாகாது.

அடுத்து ஆய்வு மாணவர்களைப் பற்றி. இங்கே என் கதையைச் சொல்லாமல் முடியாது.

2018இல் நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வில் ஜேஆர்எஃப் என்னும் ஆய்வு உதவித்தொகை கிடைத்து ஒரு பல்கலைக்கழகத்தில் முழுநேர ஆய்வுக்குச் சேர்ந்தேன். அப்போது மாதம் 25,000. 2019 ஜனவரி முதல் அதை 31,000 ஆக்கினார்கள். 2023 ஜனவரி முதல் 37,000. செய்தித்தாளில் அந்தத் தொகையைப் படித்தவர்கள் எங்கள் தெருவில் அப்பாவை நிறுத்தி, உனக்கென்னப்பா, பொண்ணு படிக்கும்போதே சம்பாதிக்குது என்றார்கள். அப்பாவும் பெருமையாகத்தான் சிரித்தார். முதல் எட்டு மாதம் என் கணக்கில் ஒரு ரூபாய் வரவில்லை.

ஏன் வரவில்லை என்று இப்போது எனக்குத் தெரியும். சேர்க்கை ஆணை வர வேண்டும், நெறியாளர் கையெழுத்திட வேண்டும், துறைத் தலைவர், பதிவாளர் அலுவலகம், பிறகு இணையதளத்தில் பதிவு. அதற்குப் பிறகும் மாதாமாதம் பல்கலைக்கழகத்தில் ஒருவர் வருகையை ஏற்ற வேண்டும், இன்னொருவர் அதைச் சரிபார்த்து அனுப்ப வேண்டும். சரிபார்ப்பவர் அந்த வாரம் விடுப்பில் போனால் அந்த மாதம் அவ்வளவுதான். எங்கள் பிரிவில் இருந்த எழுத்தர் நல்ல மனிதர். மூன்று பேர் வேலையை ஒருவராகப் பார்த்தார். நான் போய் நின்றபோதெல்லாம், "ஃபைல் மேல போயிருக்கும்மா" என்பார். எந்த மேலே என்று அவருக்கும் தெரியாது.

அந்த எட்டு மாதத்துக்கு அம்மாவின் கம்மலும் ஒற்றை வளையலும் அடகுக் கடைக்குப் போயின. 40,000 ரூபாய், நூற்றுக்கு இரண்டு வட்டி. மாதம் 800. தினசரி நாட்காட்டியில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் அம்மா கணக்கு எழுதுவார். இஸ்திரித் துணிக் கணக்கும் அதில்தான். ஒவ்வொரு மாதமும் 'பாப்பா படிப்பு வட்டி 800' என்று ஒரு வரி. எட்டாம் மாதக் கடைசியில் மொத்தப் பணமும் ஒரே நாளில் வந்தது. நகையை மீட்டோம். வட்டி 6,400 ரூபாய். அரசு தாமதித்ததற்கு நாங்கள் கட்டிய தொகை அது. நிலுவை என்று வந்ததில் அதற்கு ஒரு பைசா இல்லை. நான் கல்விக் கட்டணத்தை ஒரு நாள் தாமதமாகக் கட்டியபோது அதே பல்கலைக்கழகம் அபராதம் வாங்கியது, ரசீதும் கொடுத்தது.

நான் அதிர்ஷ்டசாலிகளில் ஒருத்தி. எனக்கு வருவதற்கு ஒரு தொகை இருந்தது. நெட் தேர்ச்சி பெறாத ஆய்வாளருக்கு மத்தியப் பல்கலைக்கழகத்தில் மாதம் 8,000 ரூபாயாவது உண்டு. 2015 அக்டோபரில் அதை நிறுத்தப்போவதாக அறிவித்தபோது டெல்லியில் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி அலுவலகத்தின் முன்னால் மாணவர்கள் போய் உட்கார்ந்தார்கள். மாநிலப் பல்கலைக்கழகத்துக்கும் அதைக் கொடு என்பது அவர்கள் கேட்டவற்றுள் ஒன்று. நம் ஆய்வாளர்களுக்கு யுஜிசியிடமிருந்து அது இன்றும் இல்லை. முதலமைச்சர் பெயரிலான ஆய்வு உதவித்தொகை வந்ததை வரவேற்கிறேன், ஆனால் அது தேர்வு எழுதி வெல்லும் சிலருக்கு. மற்றவர்கள் காலையில் டியூஷன், மாலையில் தனியார் கல்லூரியில் மணிக்கணக்கு வகுப்பு, நடுவில் ஆய்வு. என்னோடு சேர்ந்த ஆறு பேரில் இருவர் பாதியில் போனார்கள். ஒருவர் என்னைவிட நன்றாகப் படித்தவர். திருவல்லிக்கேணி மேன்ஷனில் மூன்று பேர் தங்கும் அறையில் ஒரு கட்டிலுக்கு வாடகை கொடுத்துக்கொண்டிருந்தார். நான்கு மாத பாக்கி விழுந்ததும் பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. பெட்டியில் இருந்த நூலகப் புத்தகங்களை நான் போய் வாங்கி வந்து திருப்பிக் கொடுத்தேன்.

இதற்கு நான் கேட்பது பெரிய திட்டமல்ல. ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் ஒரு சுழல் நிதி வையுங்கள். உதவித்தொகைக்குத் தகுதி பெற்ற மாணவர் சேர்ந்த முதல் மாதத்திலிருந்தே அந்த நிதியிலிருந்து பாதித் தொகையை முன்பணமாகக் கொடுங்கள். உரிய பணம் வந்ததும் கழித்துக்கொள்ளுங்கள். பணம் எங்கும் போய்விடாது. மாணவரின் வருகைப் பதிவும் உங்களிடம், உதவித்தொகைக் கோப்பும் உங்களிடம். பல்கலைக்கழகங்களே நிதி நெருக்கடியில் தள்ளாடுவதை நான் அறிவேன். 2024 பிப்ரவரியில் 1857இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளே முடக்கப்பட்ட செய்தியைப் படித்துக் கண் கலங்கினேன். ஆகவே இந்தச் சுழல் நிதியை அரசுதான் போட வேண்டும். தாமதத்தின் சுமையை ஓர் அரசு தாங்குவதும் ஓர் இஸ்திரி வண்டிக்காரர் வீடு தாங்குவதும் ஒன்றாகிவிடாது.

ஆய்வின் கடைசிக் கட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதைப் பற்றி யாரும் வெளியே பேசுவதில்லை. ஐந்து ஆண்டு முடிந்ததும் உதவித்தொகை நின்றுவிடும். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் கட்டணம், அச்சு, பைண்டிங், எல்லாம் அதற்குப் பிறகு. முனைவர் பட்டத்துக்கு ஆய்விதழில் கட்டுரை வெளியிடுவது கட்டாயமில்லை என்று யுஜிசி 2022 நவம்பர் விதிகளிலேயே சொல்லிவிட்டது. ஆனாலும் இங்கே பல துறைகளில் இரண்டு கட்டுரை இருந்தால்தான் கோப்பு நகரும். அந்த அவசரத்தைப் பயன்படுத்தி, பணம் கொடுத்தால் ஒரு வாரத்தில் வெளியிடும் இதழ்கள் மாணவரின் கைபேசிக்கே செய்தி அனுப்புகின்றன. கடன் வாங்கி அங்கே கட்டிய பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

பிறகு வாய்மொழித் தேர்வு. வெளித் தேர்வாளர் வருகிறார். ஸ்டேஷனிலிருந்து கார், தங்க அறை, மதியம் எல்லோருக்கும் சாப்பாடு, சால்வை, பழத்தட்டு, துறையில் இருக்கும் அனைவருக்கும் ஸ்வீட் காரம் காபி. இதில் எதையும் மாணவர் செய்ய வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை. செய்யாமல் இருக்க எந்த மாணவருக்கும் துணிவும் இல்லை. என் வாய்மொழித் தேர்வன்று அம்மா பார்வையாளர் வரிசையில் கடைசியில் உட்கார்ந்திருந்தார். நான் பேசிய ஆங்கிலம் அவருக்குப் புரியவில்லை. ஆனால் முப்பத்திரண்டு சாப்பாட்டுப் பொட்டலம் வந்ததை எண்ணினார், பொட்டலத்துக்கு எவ்வளவு என்று என்னிடம் கேட்டார். மீட்ட கம்மல் அன்று காலையில் அவர் காதில் இல்லை. நான் மேடையில் நின்று அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வாய்மொழித் தேர்வின் எந்தச் செலவும் மாணவருடையதல்ல, மீறினால் துறைத்தலைவர் பதில் சொல்ல வேண்டும் என்று துணைவேந்தர் கையெழுத்திட்ட ஒரு பக்கச் சுற்றறிக்கை போதும் இதை நிறுத்த. ஒரு ரூபாய் செலவில்லை.

சேர்ந்த இடத்தை விட்டு வேறு நல்ல இடம் கிடைத்துப் போகும் பிள்ளைகளின் பணத்தையும் சான்றிதழையும் பிடித்து வைக்கும் கல்லூரிகளைப் பற்றிச் சுருக்கமாக. அசல் சான்றிதழைப் பிடித்து வைக்கக் கூடாது என்று யுஜிசி 2018இலேயே அறிவித்துவிட்டது. 2024-25 சேர்க்கைக்கு, செப்டம்பர் 30க்குள் விலகினால் முழுக் கட்டணத்தையும், அக்டோபர் 31க்குள் விலகினால் அதிகபட்சம் 1,000 ரூபாய் கழித்து மீதியையும் தரச் சொன்னது. இந்த இரண்டு விதியையும் தமிழில் அச்சிட்டு, சேர்க்கை நடக்கும் அறையின் வாசலில் ஒட்டச் சொல்லுங்கள். என் மாணவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் இப்படி ஒரு விதி இருப்பதையே அறியார்.

வெளிநாடு போக நினைக்கும் பிள்ளைகளும் என்னிடம் வருகிறார்கள். ஜிஆர்இ என்னும் நுழைவுத் தேர்வுக்குக் கட்டணம் தனி, ஆங்கிலத் தேர்வு தனி, ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் விண்ணப்பக் கட்டணம் தனி. இடம் கிடைத்த பின் அமெரிக்கா என்றால் செவிஸ் என்னும் மாணவர் பதிவுக்கு 350 டாலர், விசா 185 டாலர். ஜெமினி பாலத்தருகே துணைத் தூதரக வாசலில் போய் நிற்பதற்கு முன்பே நாற்பதாயிரம் ரூபாய்க்கு மேல். இதில் நீங்கள் செய்யக்கூடியது குறைவுதான். ஆனால் அங்குள்ள பல துறைகளில், கட்டண விலக்கு கேட்பதற்கென்றே விண்ணப்பத்தில் ஓர் இடம் இருக்கிறது. என் மாணவன் ஒருவன் இரண்டு பத்தி எழுதிக் கேட்டான். நான்கில் மூன்று இடங்கள் விலக்குத் தந்தன. முகம் தெரியாத ஊரில் கேட்க ஓர் இடம் இருக்கிறது. சொந்த ஊரில், சேப்பாக்கத்திலும் கிண்டியிலும் தரமணியிலும், என் பிள்ளைகள் யாரிடம் போய்க் கேட்பது?

அந்த வேதியியல் பிள்ளை மறுபடி எழுதப்போகிறாள். பரிசோதனை நிலையத்தில் கிடைக்கும் சம்பளத்தில் மாதம் ஐந்நூறு எடுத்து அஞ்சலகக் கணக்கில் போடுகிறாள். போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்திருந்தாள். கரிம வேதியியல் புத்தகத்தைத் துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். இந்த முறை எத்தனை இடத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்று இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அவள் கையில் இருக்கும் பணத்துக்கு மூன்று இடம். அவள் போட விரும்புவது ஏழு. அடுத்த சேர்க்கை அறிவிப்பு வருவதற்குள் அந்த அரசாணை வந்தால் மீதி நான்குக்கும் போட்டுவிடுவோம்.

எட்டு மாத அடகுச் சீட்டுகளும், அம்மாவின் நாட்காட்டித் தாள்களும், வாய்மொழித் தேர்வுச் சாப்பாட்டு பில்லும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. நேரம் ஒதுக்கிக் கூப்பிட்டால், எந்த வேலை நாளானாலும் எடுத்துக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு கௌரவ விரிவுரையாளர்,
வியாசர்பாடி, சென்னை.